வெள்ளைச் சித்திரத்தில் மூன்று பொட்டு

1

கடல் இல்லாத நாட்டில் முதுமை எய்திய வரதன், மாமல்லபுரத்துச் சுற்றத்தார்க்கும் செங்கல்பட்டில் உடன் பணியாற்றியோர்க்கும் வணங்கி எழுதுவது. தரையில் பள்ளிகொண்ட நம் பெருமாள் அனைவருக்கும் திருவருள் புரிவாராக. நானும் சுந்தரவல்லியும் நலம். மாசி மகத்துக்கு அங்கு வந்து திரும்பி மூன்று மாதம் ஆகிறது. என் செருப்பின் ஓரத்தில் ஒட்டி வந்த கடல்மணலை இன்னும் துடைக்கவில்லை. சுந்தரவல்லி அதைக் கண்டும் காணாதவள் போலிருக்கிறாள்.

இங்கே சுவிட்சர்லாந்தில், ஆரே என்னும் ஆற்றின் கரையிலுள்ள சிற்றூரில், எங்கள் நாட்கள் மாறாத ஒழுங்கில் செல்கின்றன. சுவர்கள் மெலிந்தவை, காலை ஏழு மணிக்கு முன் ஓசை எழுப்புதல் கூடாது என்பது குடியிருப்பு விதி. ஆகையால் பாசுரங்களை உதடு மட்டும் அசைய ஓதப் பழகிவிட்டேன். துணி துவைக்கும் அறை செவ்வாய்க்கிழமைகளில் எங்களுக்கு உரியது. ஒருமுறை புதன்கிழமை காலைவரை வேட்டியை அங்கே உலரவிட்டேன். மேல்வீட்டு அம்மையார் கடிந்து ஒன்றும் பேசவில்லை. முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சிறு தாள் எழுதி எங்கள் கதவில் ஒட்டிச் சென்றார்.

இம்முறை எழுதக் காரணம் உண்டு. வெரேனா என்னும் ஓவியர் மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைந்தது. அவர் முதுமையால் தீட்டுவதை நிறுத்தும்வரை, அவருடைய பணிக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்யும் பேறு எனக்கு வாய்த்தது. அவர் நினைவுநாள் வந்த அதே வாரத்தில், நான் நம் ஊரில் இருந்தபோது, அவர் படம் ஒன்றைக் குறித்து ஒரு கேள்வி என்னைத் தேடி வந்தது. அதற்கு விடை சொல்லத்தக்கவன் உலகில் நான் ஒருவனே எஞ்சியிருந்தேன்.

2

நான் இங்கு வந்த கதை உங்களுள் பலர் அறிந்ததே. செங்கல்பட்டில் தமிழாசிரியனாக இருந்தேன். சுந்தரவல்லி அதே ஊரில் செவிலியர். இந்நாட்டு மருத்துவமனை ஒன்று அவளை வேலைக்கு அழைத்தது. அவளைச் சார்ந்தவன் என்ற தகுதியில் நானும் வந்தேன். குடியேற்ற அலுவலகத்தில் என் தொழிலைக் கேட்டார்கள். சொன்னேன். அங்கு அமர்ந்திருந்த அம்மையார் தம் படிவத்தை இருமுறை மேலும் கீழும் பார்த்தார். தமிழாசிரியருக்கு அதில் கட்டம் இல்லை. மிகுந்த மரியாதையுடன் ‘தொழில் இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

ஓராண்டு கழித்து, ஆற்றோரத்துப் பழைய நூற்பாலைக் கட்டடத்தில் காப்பாளர் வேலை கிடைத்தது. ஆலை மூடப்பட்டு, அதன் கூடங்களைத் தச்சரும் தையற்காரரும் இசைக்கலைஞரும் வாடகைக்கு எடுத்திருந்தனர். படிகளைப் பெருக்குவதும், குழாய்களைச் சரிபார்ப்பதும், பனி விழுந்தால் வாசலில் உப்புத் தூவுவதும் என் கடமைகள். என் அனுமதிச்சீட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இந்த வேலை நிலைத்திருக்க வேண்டும். மூன்றாம் மாடியின் வடக்குக் கூடத்தில் வெரேனா இருந்தார்.

அவர் மலையூர்ப் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அஞ்சலகச் சாளரத்தில் பல்லாண்டு அமர்ந்து முத்திரை குத்தியவர். நாற்பது வயதுக்கு மேல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் தீட்டத் தொடங்கினார். முதலில் மலைகளைத் தீட்டினார். பிறகு மலையை மூடும் பனிமூட்டத்தைத் தீட்டினார். பின்னர் பனிமூட்டம் மட்டுமே மிஞ்சியது. நான் அவரை அறிந்த காலத்தில் அவர் படங்கள் முழு வெண்மையாகிவிட்டிருந்தன. இந்த நாட்டில் மலை இல்லாத படமா என்று சிலர் நகைத்ததாகவும் கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்டால், “மலை அங்கேயேதான் இருக்கிறது. பனி மூடியிருக்கிறது, அவ்வளவுதான்” என்பார்.

அவர் வேலைமுறை பொறுமையின் உருவம். ஒரு நாளைக்கு ஒரே பூச்சு, நீர்மோரைப்போல் மெல்லியதாக. அது உலரும்வரை பல நாள் காத்திருப்பார். உலர்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பார். பிறகு சற்றே வேறுபட்ட இன்னொரு வெள்ளை. ஒன்றில் மஞ்சள் மறைந்திருக்கும், ஒன்றில் நீலம். இப்படி நாற்பது பூச்சு. கேளம்பாக்கத்து உப்பளங்களில் காலை வெண்மை வேறு, நண்பகல் வெண்மை வேறு என்று நான் பின்னாளில் ஒருமுறை சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அதை மீண்டும் மெதுவாகச் சொல்லச் சொன்னார்.

ஆனால் இவையெல்லாம் நான் பிற்பாடு அறிந்தவை. முதலாண்டில் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாமையால்தான் அந்தத் தவறு நேர்ந்தது.

3

அவ்வாண்டு ஆயுத பூசை வந்தது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் துடைப்பம், சுத்தியல், பனி வாரும் மண்வெட்டி ஆகியவற்றைக் கழுவி அடுக்கினேன். வெரேனா தம் தங்கையைக் காண இரண்டு நாள் சென்றிருந்தார். கூடத்தின் வெப்பக்குழாய் ஒழுகியதால் சாவியை என்னிடம் தந்திருந்தார். குழாயைச் சரிசெய்து முடித்ததும் சுற்றிப் பார்த்தேன். எத்தனை கருவிகள்! அவை இன்று பூசையின்றி இருக்கலாமா? அவர் இல்லாத நேரத்தில் அவர் சார்பில் செய்வது புண்ணியம் என்றே கருதினேன்.

சந்தனம் குழைத்தேன். ஏணிக்கு வைத்தேன். தூரிகைகள் நின்ற சாடிக்கும், பூச்சுக் கரண்டிகளுக்கும், கதவின் தாழ்ப்பாளுக்கும் வைத்து, மேலே குங்குமம் இட்டேன். சுவரோரம் ஆள் உயரத்தில் ஒரு வெள்ளைக் கேன்வாஸ் சாய்ந்திருந்தது. இனிமேல்தான் அதில் ஏதோ தீட்டப் போகிறார் என்று எண்ணினேன். புதுக் கணக்கேட்டின் மூலையில் மஞ்சள் தடவித் தொடங்கும் குடியில் வளர்ந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? அளவில் பெரிதாக இருந்ததால், அதற்கு ஒன்று போதாது என்று மூன்று பொட்டு வைத்தேன். பொரியும் கடலையும் படைத்து, பாசுரம் ஓதி, மனநிறைவோடு கதவைப் பூட்டினேன்.

அது முடிந்த படம். பதினான்கு மாத உழைப்பு. இரண்டு வாரத்தில் கண்காட்சிக்குச் செல்ல இருந்தது.

மறுநாள் அவர் என்னை மேலே அழைத்தார். படத்தின் முன் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

“இது யார் செய்தது?”

நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். என்னிடம் அப்போது இருந்த ஜெர்மன் சொற்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். “நன்றி. கருவிகளுக்கு. ஆண்டில் ஒரு நாள்” என்றேன். அவர் ஏணியையும் தாழ்ப்பாளையும் தூரிகைச் சாடியையும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் எனக்கு உண்மை விளங்கியது. பதறிப்போய் ஈரத்துணியோடு படத்தை நோக்கிச் சென்றேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

“தொடாதீர்கள். மேற்பூச்சு இன்னும் உலரவில்லை. துடைத்தால் சிவப்பு முழுதும் பரவும்.”

இருவருமாகப் படத்தைத் தூக்கிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தோம். கண்காட்சி ஒரு படம் குறைவாகவே நடந்தது. வேலை போகும், அனுமதிச்சீட்டும் போகும் என்று பல வாரம் அஞ்சியிருந்தேன். கட்டட உரிமையாளர் விசாரித்தபோது, அந்தப் படம் ஆயத்தமாகவில்லை என்று மட்டும் வெரேனா சொன்னதாகத் தையற்காரர் வழியே அறிந்தேன். அந்த ஒரு வாக்கியத்தால் நாங்கள் இந்நாட்டில் நிலைத்தோம். நாள்தோறும் நான் நன்றி செலுத்தும் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

4

அடுத்த ஆண்டு அவரே என்னை அழைத்தார். நாள்காட்டியில் ஆயுத பூசை நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். அது எந்நாள் என்று சுந்தரவல்லியிடம் கேட்டு வைத்திருக்கிறார். இதற்குள் அவருக்கு மரச்சட்டம் அடித்துத் துணி இழுத்துக் கட்டும் வேலை என்னிடம் வந்திருந்தது. நான் முந்தின நாள் கட்டிய கேன்வாஸ் தாங்கியில் நின்றது.

“இதற்கு வையுங்கள்” என்றார். “அந்தப் படம் முடிந்துபோனது. முடிந்தபின் வந்தது அதற்குச் சொந்தமில்லை. இது இன்னும் தொடங்கவில்லை.”

நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். அது காய்ந்ததும், அதன்மேல் முதல் வெள்ளையைப் பூசினார். அதன் பிறகு இருபத்தோராண்டுகள், நான் கட்டித் தந்த ஒவ்வொரு துணிக்கும் முதலில் ஒரு பொட்டு, அதற்குமேல் நாற்பது பூச்சு. இதை வெளியே சொல்லலாமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்றார். “பார்க்க வருகிறவர்களுக்கு மேற்பரப்பு போதும். அடியில் இருப்பது வேலை செய்தவர்களுடையது.” உங்கள் வரையில் சொல்கிறேன்; உங்களோடே இருக்கட்டும்.

பதினோராம் ஆண்டில், இந்நாட்டு வழக்கப்படி கோப்பையை உயர்த்தி, இனித் தம்மை ‘நீ’ என்றும் வெரேனா என்றும் அழைக்கலாம் என்று உரிமை தந்தார். இவர்களிடையே அது பெரிய கொடை. என் நாவோ எழவில்லை. ‘வெரேனாம்மா’ என்றேன். அது என்ன கூடுதல் எழுத்து என்று கேட்டு, விளக்கம் பெற்றபின், அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஒருமுறை அவரை நம் ஊருக்கு அழைத்து வந்தோம். பெரும்பாறைச் சிற்பத்தின் முன் ஒருகணம் நின்றார். பிறகு பின்புறம் சென்று, உளியால் கட்டம் கட்டமாக வெட்டி, பாதியில் விட்ட ஒரு குகையின் எதிரே பகலெல்லாம் அமர்ந்துவிட்டார். என் பள்ளித்தோழன் ஏழுமலையை உங்களுக்குத் தெரியும். சிறுசேரிக் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறான். இளநீர் வெட்டி வந்தவன் நெடுநேரம் பொறுத்துப் பார்த்தான்.

“இன்னா வாத்தியாரே, அம்மாம் நல்லா முடிச்ச கல்லு அங்க கீது. இந்தம்மா முடிக்காத கல்லையே பாத்துகினு கீதே?”

மொழிபெயர்த்தேன். வெரேனா சிரித்தார். இதில்தான் அந்த ஆளுடைய கை எங்கே நின்றது என்று தெரிகிறது என்றார்.

“அப்டின்னா எங்க வூட்டு மாடிய வந்து பாக்கச் சொல்லு” என்றான் ஏழுமலை. “ஏழு வருசமா கை அங்கியேதான் நிக்குது.”

5

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். மாசி மகத்தன்று பெருமாள் கடலாடி எழுந்தருளினார். மறுநாள் காலை என் மகள் நிவேதாவிடமிருந்து செய்தி. அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இந்நாட்டவரை மணந்து இரு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. என்னைக் கண்டால் கைகூப்புவார்கள். அதுவே அவர்கள் அறிந்த தமிழ்.

வெரேனாவின் படங்கள் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தன. சுவர்ப்பக்கம் திரும்பியே இருந்த அந்தப் பழைய படமும் அவற்றுள் ஒன்று. வெளிச்சம் படாததால் குங்குமம் சிவப்பு மாறாமல் இருந்ததாம். பொறுமையாக ஒருநாள் எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்த வெரேனா கடைசிவரை எடுக்கவில்லை. இப்போது அங்குள்ள பழுதுபார்ப்பவர், நான் அந்தக் கூடத்தில் பணி செய்தவன் என்று அறிந்து, நிவேதா வழியே எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார். மேற்படி மூன்று குறிகள் ஓவியரின் செயலா, பின்னர் நேர்ந்த சேதமா? முன்னதாயின் பாதுகாக்கப்படும்; பின்னதாயின் அகற்றப்படும். இரண்டு கட்டங்களுள் ஒன்றில் குறியிட்டு, கையொப்பத்துடன் அசல் தாளையே அஞ்சலில் அனுப்ப வேண்டும். அவற்றின் கீழே, ‘வேறு ஏதேனும் குறிப்பு’ என்று ஒரு பெரிய கட்டம்.

நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். “முதல் கட்டத்துல டிக் போடுங்கப்பா. அவங்க நெனச்சிருந்தா எப்பவோ அழிச்சிருக்கலாம், அழிக்கலையே. நீங்க வெச்ச பொட்டு மியூசியத்துல இருக்கும். பசங்கள கூட்டிட்டுப் போய், இது உங்க தாத்தான்னு நான் காட்டணும்.”

மகள் என்னிடம் எதையும் கேட்டு நெடுங்காலம் ஆகிறது. பாசுரம் கற்க அவளுக்கு விருப்பம் இருந்ததில்லை; நானும் வற்புறுத்தவில்லை. நம் வழியிலுள்ள ஒன்றைத் தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று அவள் வாய்திறந்து சொன்னது அதுவே முதல்முறை. உங்களிடம் மறைப்பானேன்? எனக்கும் அந்த ஆசை இருந்தது. முப்பதாண்டு பெருக்கித் துடைத்த நாட்டில், கண்ணாடிக் கதவுக்குள், பெயர் இல்லாவிட்டாலும் என் விரல் பட்ட இடம் ஒன்று நிலைத்திருக்குமே!

படிவத்தை அச்செடுக்க ஏழுமலையின் வேனில் புறப்பட்டேன். நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் எதிரே வண்டியை நிறுத்தித் தேநீர் வாங்கி வந்தான். அனைத்தையும் சொன்னேன்.

“மூணு பொட்டுக்கு இம்மாம் பேஜாரா? அந்தம்மாதான் வெச்சிச்சுன்னு எழுதிட்டுப் போயேன். அதுவா வந்து இல்லேன்னு சொல்லப் போவுது?”

“பொய் ஆகாதா?” என்றேன்.

“ஆவும். அதான் உன் மூஞ்சி இப்டி கீது.” தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஸ்டியரிங்கைத் தட்டினான். “போன ஆயுத பூசைக்கு இதுக்கு வெச்ச பொட்டு எங்க, காட்டு பாப்போம். மறுநாளு ஷிப்டுலயே என் கை தொடச்சிடுச்சி. வண்டி ஓடிகினுதானே கீது?”

அவன் அதைப் பெரிய சொல்லாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கல்பாக்கத்துப் பேருந்து தன்னை உரசிச் சென்றதற்காக அதன் ஓட்டுநரை வைதுகொண்டிருந்தான். நான் தேநீர் ஆறும்வரை அந்தச் சக்கரத்தையே பார்த்திருந்தேன். முடிந்தபின் வந்தது அதற்குச் சொந்தமில்லை என்று வெரேனாம்மா சொன்னது நினைவில் எழுந்தது. அவர் கைகளைப் பற்றி நான் எழுதப்போவது ஒரே ஒரு குறி. அதில் பொய் கலந்தால், தரையில் கிடக்கும் பெருமாள் முன் மறுநாள் எந்த முகத்தோடு நிற்பேன்?

அச்செடுத்த படிவத்தை அஞ்சலகத்தின் சாய்மேசையில் வைத்து, ‘பின்னர் நேர்ந்த சேதம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். சேதம் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை முழுமையாக எழுதினேன். ‘வேறு ஏதேனும் குறிப்பு’ என்பதன் முன் பேனா சற்று நின்றது. அவர்கள் கேட்டது ஒரு படத்தைப் பற்றி. மற்றவற்றின் அடியில் இருப்பதை வெரேனாம்மா என்னிடம் ஒப்படைத்துச் சென்றிருக்கிறார். அந்தக் கட்டத்தை வெள்ளையாகவே விட்டேன். சாளரத்தில் இருந்த பெண் அதைச் சுட்டிக்காட்டி, “சார், இது காலியா கீதே, பரவாயில்லையா?” என்றாள். பரவாயில்லை அம்மா என்றேன். ஓங்கி முத்திரை குத்தினாள்.

நிவேதாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சரிப்பா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

6

சென்ற சனிக்கிழமை, படம் சீராகிவிட்டது, வந்து காணலாம் என்று அருங்காட்சியகத்திலிருந்து மடல் வந்தது. நிவேதா தானே வண்டி ஓட்டி என்னை அழைத்துச் சென்றாள். வழியில் வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம்.

கூடத்தில் வெரேனாவின் படங்கள் இரண்டு அருகருகே இருந்தன. இடப்புறம் அந்தப் பழைய படம். பொட்டுகள் இருந்த சுவடே இல்லை. அவர் எண்ணியவாறு முழு வெண்மையாக, மேலே சற்று நீலமும் கீழே சற்று மஞ்சளும் மறைந்திருக்க, விடியற்காலைப் பனிமூட்டம்போல் நின்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அது சுவரை விட்டுத் திரும்பியிருக்கிறது. என் மனத்தில் ஒரு சுமை இறங்கியது.

வலப்புறம் இருந்தது அடுத்த ஆண்டின் படம். நான் முதன்முதலில் நடுவில் பொட்டு வைத்தது. கால்கள் தாமாக அங்கே சென்றன. கைகள் குவிந்தன. உதடு அசைய ஒரு பாசுரம் முடியும்வரை நின்றேன். மிக நெருங்கிவிட்டேன் போலும். சீருடைக் காவலர் விரைந்து வந்தார். நிவேதா என்னைக் கடந்து சென்று, இந்த ஊர்ப் பேச்சில் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, தலைதாழ்த்தி, இரண்டடி பின்வாங்கினார்.

“என்னம்மா சொன்னாய்?”

“இந்தப் படத்துல எங்கப்பாவும் வேலை செஞ்சிருக்கார்னு சொன்னேன்” என்றாள். “சட்டம் நீங்க அடிச்சதுதானே?”

ஆமாம் என்றேன்.

“அடுத்த வாரம் பசங்களையும் கூட்டிட்டு வரலாம்ப்பா” என்றாள்.